மழை விழுந்ததும் மண் கார்பனை விடுகிறது என்றால், மழை குறைவது நல்லதா?

நீங்கள் கேட்டது இது: "காய்ந்த மண்ணில் மழை விழுந்ததும் கார்பன் டை ஆக்சைடு குபீரென்று வெளியேறும் என்று படித்தேன். இப்போதெல்லாம் பல வாரம் பெய்யாமல் கிடந்து, அப்புறம் ஒரே நாளில் கொட்டுகிறது. அப்படியானால் என் மானாவாரி நிலத்தில் இருக்கிற கொஞ்சநஞ்சக் கார்பனும் போய்விடுமா? மழை குறைவதுதான் மண்ணுக்கு நல்லதா?" இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. மழையின் மொத்த அளவு அப்படியே இருந்து, அது வந்து சேரும் விதம் மட்டும் மாறினால், மண்ணின் கார்பன் வரவுசெலவு எந்தப் பக்கம் சாயும்? உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன். மண்ணியல் படித்து, மண்ணிலிருந்து வெளிவரும் வாயுவை அளக்கும் வேலையில் பல வருடம் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உறுதியானது எது, இன்னும் தகராறில் இருப்பது எது என்று பிரித்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. காய்ந்த மண் நனைந்ததும் கார்பன் டை ஆக்சைடு திடீரென்று கூடுவது உண்மை. மண் காய்வது அதன் வளத்தைக் காக்கும் இயற்கைக் காரணங்களில் ஒன்று என்று லெபெட்யான்த்சேவ் என்ற ரஷ்ய ஆய்வாளர் 1924-லேயே எழுதினார். பிறகு கென்யாவில், நைரோபிக்குப் பக்கத்தில் இருந்த கிழக்கு ஆப்பிரிக்க வேளாண், வன ஆராய்ச்சி நிறுவனத்தில் எச். எஃப். பர்ச் என்பவர் 1950-களில் இதை முறையாக ஆராய்ந்தார். மண்ணைக் காயவைப்பது, நனைப்பது, அளப்பது, மறுபடி காயவைப்பது என்று திரும்பத் திரும்பச் செய்தார். நனைத்தவுடன் மட்கின், அதாவது மண்ணில் மட்கிக் கலந்த செடி, உயிர்க் கழிவின், சிதைவு வேகம் பிடித்து, சில நாளில் அடங்கியது. மறுபடி காயவைத்து நனைத்தால் மறுபடி எழுந்தது. நனைப்பதற்கு முன் எவ்வளவு காலம் காய்ந்து கிடந்தது என்பதைப் பொறுத்து எழுச்சியும் கூடியது. கூடவே தழைச்சத்தும் (நைட்ரஜன்) விடுபட்டது. இன்றைக்கும் மண்ணியலில் இதற்குப் பர்ச் விளைவு என்றே பெயர்.

இதை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். இறுக்கி மூடக்கூடிய இரண்டு கண்ணாடிச் சாடிகளில் உங்கள் நிலத்துக் காய்ந்த மண்ணைக் கால் பங்கு போடுங்கள். ஒவ்வொன்றிலும் மண்மேல் ஒரு சின்னக் கிண்ணத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீர் வையுங்கள். ஒரு சாடியில் மட்டும், சேறாகாமல் ஈரமாகும் அளவுக்கு மண்ணில் தண்ணீர் தெளித்து இரண்டையும் மூடிவிடுங்கள். மறுநாள் காலை ஈர மண் சாடியில் சுண்ணாம்பு நீர்மேல் வெள்ளை ஏடு தடிப்பாகக் கட்டியிருக்கும். மற்றதில் மெல்லிய படலம்தான் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்வதும் இதேதான். சுண்ணாம்பு நீருக்குப் பதில் சோடியம் ஹைட்ராக்சைடு வைத்து, மிச்சமிருக்கும் காரத்தை அமிலம் விட்டு அளந்து, எவ்வளவு கார்பன் வந்தது என்று கணக்கிடுவோம். வயலில் என்றால், மண்மேல் கவிழ்த்த கூண்டுக்குள் வாயு ஏறுவதை அகச்சிவப்புக் கருவியில் நொடிக்கு நொடி பார்க்கலாம். காய்ந்த நிலத்தில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டுக் கூண்டைக் கவிழ்த்தால், சில நிமிடத்திலேயே திரையில் கோடு செங்குத்தாகக் கிளம்பும்.

ஏன் இப்படி? முதல் சில நிமிடம் வருவதில் ஒரு பகுதி, மண்துளைகளில் ஏற்கனவே தேங்கியிருந்த காற்று. தண்ணீர் அதை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருவதுதான் நுண்ணுயிர்களின் மூச்சு. மண் காயும்போது பாக்டீரியாவும் பூஞ்சையும் எல்லாம் செத்துவிடுவதில்லை. பல ஒடுங்கிக் கிடக்கின்றன. மண்துகள்களைச் சுற்றியுள்ள நீர்ப்படலம் மெலிந்து அறுந்துபோவதால் உணவு அவற்றிடம் வந்து சேருவதில்லை. சில உயிர்கள் சர்க்கரை, அமினோ அமிலம் போன்றவற்றை உடலுக்குள் சேர்த்துவைத்து உலர்வைத் தாங்குகின்றன என்பது நீண்ட காலமாகச் சொல்லப்படும் விளக்கம். திடீரென்று தண்ணீர் வந்தால் செல் வெடித்துவிடாமல் இருக்க அந்தச் சேமிப்பை வெளியே விட்டாக வேண்டும். தாங்காதவை உடைந்தே போகும். இரண்டுமே தப்பிப் பிழைத்தவற்றுக்குத் தீனி. இன்னொரு வழியும் உண்டு. காய்ந்த மண்ணாங்கட்டி ஒன்றைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள், குமிழி விட்டுக்கொண்டே பொலபொலவென்று உதிரும். வேகமாகப் புகுந்த நீர், உள்ளே அடைபட்ட காற்றை நெருக்க, கட்டி உடைகிறது. அதுவரை கட்டிக்குள் நுண்ணுயிருக்கு எட்டாமல் பத்திரமாக இருந்த மட்கு வெளியே வந்துவிடுகிறது.

இவற்றில் எது பெரிய பங்கு என்பதில் ஆய்வாளர்களிடம் ஒத்த கருத்து இல்லை. செல்லுக்குள் சேமிப்பு என்ற விளக்கத்தைச் சோதிக்கக் காய்ந்த மண்ணை நேரடியாக அளந்தவர்களில் சிலருக்கு, எதிர்பார்த்த சேமிப்பு அங்கே கிடைக்கவில்லை. இது வெறும் அறிவுப் போட்டி இல்லை. வெளியேறும் கார்பன் நுண்ணுயிர் உடலிலிருந்து வருகிறது என்றால், அது போன பருவத்துக் கார்பன், எப்படியும் சுற்றிக்கொண்டிருந்தது. உடைந்த கட்டிக்குள்ளிருந்து வருகிறது என்றால், பல வருடம் பாதுகாப்பாக இருந்த மூலதனமே கரைகிறது என்று பொருள். ஒரே அளவு வாயுவுக்கு இரண்டு வேறு அர்த்தம். மண்ணுக்கு மண் இந்தப் பங்கு மாறும் என்பதுதான் இப்போதைக்கு நியாயமாகச் சொல்லக்கூடியது.

அளவைப் பற்றி ஒரு மதிப்பு கையில் இருப்பது நல்லது. நம் மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கார்பன், அதாவது மட்கில் உள்ள கார்பன், 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் "குறைவு" என்று போடுவார்கள். நம் மானாவாரிச் செம்மண் நிலம் பலவும் அந்த வகையில்தான் வரும். 0.5 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் சுமார் 850 டன். அதில் கார்பன் 4 டன்னுக்குச் சற்று மேல். ஒரு நல்ல எழுச்சியில் சதுர மீட்டருக்கு 10 கிராம் கார்பன் போகிறது என்று கணக்குக்காக எடுத்துக்கொண்டால் ஏக்கருக்கு 40 கிலோ, அதாவது இருப்பில் ஒரு சதவீதம். ஒரு தடவைக்கு இது பயப்பட வேண்டிய அளவு இல்லை. வருடத்துக்கு ஐந்தாறு முறை நடந்து, பதிலுக்கு உள்ளே எதுவும் வராமல் போனால் பயப்பட வேண்டும். உங்கள் கேள்வியின் முடிச்சு அந்தப் "பதிலுக்கு உள்ளே வருவது" என்ற இடத்தில்தான் இருக்கிறது.

மண்ணிலிருந்து வெளியேறுவதெல்லாம் மண்ணின் இழப்பு இல்லை. 2008-ஆம் ஆண்டில் உலகத்து மண் முழுவதும் விட்ட மூச்சு கார்பன் கணக்கில் சுமார் 98 பில்லியன் டன் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. நிலக்கரி, பெட்ரோல் எல்லாம் சேர்த்து மனிதன் எரிப்பது வருடத்துக்கு 10 பில்லியன் டன் அளவில்தான். இந்த 98-ஐ மட்டும் தனியாகப் படித்தால் யாருக்கும் தூக்கிவாரிப்போடும். ஆனால் அதில் ஏறக்குறைய பாதி, உயிருள்ள வேர்களும் வேரை ஒட்டி வாழும் நுண்ணுயிர்களும் விடுவது, அண்மையில் இலை செய்த சர்க்கரை. மீதியிலும் பெரும்பகுதியை இலைச்சருகும் வேர்க்கழிவும் ஈடுகட்டிவிடுகின்றன. நன்றாக விளைந்திருக்கிற வயல்தான் அதிகமாக மூச்சு விடும். வெட்டவெளியாகக் கிடக்கும் பொட்டல் குறைவாகத்தான் விடும். அதற்காகப் பொட்டல் நல்ல மண் ஆகிவிடாது. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரடிப் பதில்: மழை குறைந்தால் வெளியேற்றம் குறையும், ஆனால் வரவு அதைவிட அதிகமாகக் குறைவதுதான் வழக்கம். உலகின் வறண்ட நிலங்களில் மண் கார்பன் பொதுவாகக் குறைவாகவே இருக்கிறது. நீலகிரியின் சோலை மண்ணையும் இராமநாதபுரத்து மண்ணையும் பக்கத்தில் வைத்தால் நிறமே சொல்லிவிடும். அங்கே குளிருக்கும் பங்கு உண்டு, ஆனால் மழையின் பங்கும் சின்னதில்லை.

இனி மழையின் இடைவெளிக்கு வருவோம். எனக்கு இதில் மிக முக்கியமாகத் தோன்றுவது, செடியும் நுண்ணுயிரும் ஒரே நேரத்தில் நிற்பதில்லை, ஒரே நேரத்தில் தொடங்குவதும் இல்லை என்பது. மண் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் இறுக்கம் 15 பார் (பார் என்பது அழுத்த அலகு) அளவை எட்டினால் பயிர் நிரந்தரமாக வாடிவிடும் என்று பாடத்தில் சொல்வோம். நுண்ணுயிர் மூச்சு எப்போது நிற்கிறது என்று பல மண்களின் தரவைத் தொகுத்துப் பார்த்தபோது அது 140 பார் பக்கத்தில் வந்தது. பயிர் இலையைச் சுருட்டிக்கொண்டு சாப்பாடு செய்வதை நிறுத்திய பிறகும் மண்ணுக்குள் சிதைவு மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மழை திரும்பும்போது இதே கதைதான், ஆனால் மறுமுனையில். நுண்ணுயிர் நிமிடக் கணக்கில் விழிக்கிறது. வாடிய பயிர் தெளிய நாட்கள் வேண்டும், விதையிலிருந்து தொடங்க வேண்டுமென்றால் வாரங்கள். ஒவ்வொரு நீண்ட இடைவெளிக்கும் இரண்டு முனையிலும், செலவு நடந்து வரவு இல்லாத நாட்கள் கொஞ்சம் சேருகின்றன. நடுவில் மண் முற்றிலும் காய்ந்து கிடக்கும் நாட்களில் செலவும் நின்றுவிடுகிறது, அது இழப்பைக் கொஞ்சம் தணிக்கிறது. இந்த இரண்டில் எது பெரிது என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

சின்னத் தூறல்கள் இந்த விஷயத்தில் கெட்டவை. 3, 4 மி.மீ. தூறல் மேல் மண்ணை மட்டும் நனைக்கும், நுண்ணுயிரை எழுப்பும், அடுத்த நாள் வெயிலில் காய்ந்துவிடும். வேருக்கு ஒன்றும் போய்ச் சேராது. மண்வாசனை வந்தது, கார்பன் போனது, பயிருக்குப் பயனில்லை. கன மழை ஆழமாக இறங்கும், பல நாள் வேருக்குக் கிடைக்கும். அதனால் வறண்ட பகுதியில், மொத்த அளவு மாறாமல் தூறல்கள் குறைந்து கனத்த மழைகள் கூடினால் வரவு கூடவும் வாய்ப்புண்டு.

இது ஊகமல்ல, ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்துவதும் இல்லை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் கொன்சா புல்வெளி என்று ஓர் இடம் இருக்கிறது, ஆண்டுக்கு 800 மி.மீ.க்கு மேல் மழை பெறும் உயரப் புல் நிலம். அங்கே 1990-களின் கடைசியிலிருந்து கூரை போட்டு மழையைத் தொட்டியில் பிடித்து, அதே தண்ணீரை இடைவெளியை ஒன்றரை மடங்காக்கிப் பெரிய தவணைகளாகத் திரும்ப விட்டார்கள். மொத்த மழையில் ஒரு சொட்டுகூடக் குறைக்கவில்லை. 2002-இல் வெளியான முடிவில் புல்லின் வளர்ச்சியும் குறைந்தது, மண்ணின் மூச்சும் குறைந்தது. பர்ச் விளைவை மட்டும் மனதில் வைத்திருப்பவர் மண் மூச்சு கூடும் என்றுதான் பந்தயம் கட்டுவார். நடந்தது நேர்மாறு, ஏனென்றால் இடைப்பட்ட நாட்களின் வறட்சி, எழுச்சியில் கூடியதைவிட அதிகமாகப் பிடித்துவைத்துவிட்டது. ஆனால் கொலராடோவின் குட்டைப்புல் வெளியிலும் நியூ மெக்சிகோவின் பாலைப் புல்வெளியிலும் இதேபோல மழையைத் தொகுத்துக் கொடுத்தபோது புல் நன்றாக வளர்ந்தது. ஈரம் பழகிய இடத்துக்கு நீண்ட இடைவெளி அடி. ஏற்கனவே வறண்ட இடத்துக்கு ஆழமான நனைவு வரம். நம் மானாவாரி நிலங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. ஆகவே கொன்சா முடிவை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து இங்கே வைக்க என் மனம் ஒப்பவில்லை.

ஒரு கண்டமே இப்படி நடந்துகொள்வதைப் பார்க்க வேண்டுமென்றால் ஆஸ்திரேலியா. 2010, 2011-இல் அங்கே பெய்த பெருமழையில் உள்நாட்டு வறண்ட நிலம் பச்சையானது. 2011-இல் உலகத்து நிலப்பரப்பு வழக்கத்தைவிட அதிகமாக உள்ளிழுத்த கார்பனில் ஏறக்குறைய 60 சதவீதம் ஆஸ்திரேலியத் தாவரங்களால் வந்தது என்று 2014-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதே கண்டத்தின் மேலிருந்து கோசாட் என்ற ஜப்பானியச் செயற்கைக்கோள் எடுத்த அளவுகளை வைத்து 2023-இல் வந்த இன்னொரு ஆய்வு, வறண்ட பருவம் முடிந்து முதல் மழைகள் விழும் நேரத்தில், தாவரம் துளிர்ப்பதற்கு முன்பே, மண்ணிலிருந்து பெரிய கார்பன் எழுச்சி கிளம்புவதைக் காட்டியது. சாடிக்குள் பர்ச் பார்த்ததை வானத்திலிருந்து பார்த்த மாதிரி. இரண்டு ஆய்வும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. மழை முதலில் செலவைத் திறந்துவிடுகிறது, பிறகு வரவைத் திறக்கிறது. பிந்தையது போதுமான காலம் ஓடினால் ஆண்டுக் கணக்கு லாபம். முதல் மழையோடு நின்றுவிட்டால் நஷ்டம்.

மழை கூடும் பக்கத்தில் கதை வேறு. மண்துளைகளில் ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீர் இருக்கும்போது சிதைவு உச்சத்தில் இருக்கும், அதற்கு மேல் போனால் குறையும். நீரின் வழியாக ஆக்சிஜன் நகர்வது காற்றில் நகர்வதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவு. மூழ்கிய மண்ணில் மட்கு சேருவது இதனால்தான். ஆனால் அங்கே மீத்தேன் உண்டாகிறது. நெல் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டும் முறையைப் பரிந்துரைப்பது அதற்காகவே. இடையில் வயலைக் காயவிட்டால் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகிறது, தண்ணீரும் மிச்சம். அதற்கு விலையாக மண்ணின் கார்பன் கொஞ்சம் குறையலாம் என்று தொகுப்பாய்வு ஒன்று எச்சரிக்கிறது. பருவநிலைக் கணக்கில் மீத்தேன் குறைவதன் லாபமே பெரிது என்பது என் கருத்து, ஆனாலும் வைக்கோலையும் தொழுவுரத்தையும் திருப்பிப் போடாமல் இதைச் செய்யக்கூடாது.

ஆயிரக்கணக்கான ஆண்டாக நீரில் ஊறிக் கிடக்கும் பீட் நிலம், அதாவது பாதி மட்கிய செடிகொடி அடுக்கடுக்காகச் சேர்ந்த சதுப்பு, காய்ந்தால் பேரிழப்பு. 1997-இல் எல் நினோ வறட்சியில் இந்தோனேசியாவின் பீட் நிலங்களும் காடுகளும் எரிந்தபோது 0.81 முதல் 2.57 பில்லியன் டன் வரை கார்பன் வெளியேறியது என்பது மதிப்பீடு. கால்வாய் வெட்டி நீரை வடித்த இடங்களில் சேதம் இன்னும் மோசம். அங்கே பர்ச் விளைவு பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, நீர்மட்டம் ஒன்றே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. நம் நீலகிரியிலும் சின்னச் சின்ன பீட் படிவுகள் உண்டு. அவற்றின் கார்பன் ஐசோடோப்புகளை (எடையில் வேறுபடும் கார்பன் அணுக்களை) வைத்து, கடந்த 20,000 ஆண்டுகளில் அங்கே எப்போது ஈரம், எப்போது வறட்சி என்று 1993-இல் இந்திய ஆய்வாளர்கள் வரலாறு எழுதினார்கள். காய்ந்துபோனால் கார்பனோடு அந்த ஏடும் போய்விடும்.

கனமழையின் இன்னொரு விளைவு அரிப்பு. இந்தியாவில் இதற்கு ஆதாரம் தெளிவாக இருக்கிறது: மத்திய இந்தியாவில் பரந்த பரப்பில் கொட்டும் அதிகன மழை நிகழ்வுகள் 1950 முதல் 2015 வரை மூன்று மடங்கானதாக 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. தமிழ்நாட்டில் 2015 வடகிழக்குப் பருவத்தில் வெள்ளம், அடுத்த ஆண்டே அதே பருவத்தில் 62 சதவீதம் பற்றாக்குறை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓராண்டுக்குரிய மழையைவிட அதிகம் அது. இப்படிப்பட்ட மழையில் முதலில் போவது கார்பன் அதிகமுள்ள மேல்மண். போனது எங்கே? பாதி வழியில் சிதைந்து காற்றில் கலந்ததா, கண்மாயில் வண்டலாகப் படிந்து புதைந்ததா? உலக அளவில் அரிப்பு கார்பனை வெளியேற்றுகிறதா, புதைத்துச் சேமிக்கிறதா என்பதில் பெரிய ஆய்வுகளே எதிரெதிர் முடிவுக்கு வந்திருக்கின்றன. உங்கள் வயலைப் பொறுத்தவரை அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் ஒன்றுதான், மண் உங்களிடம் இல்லை. கண்மாய் தூர்வாரும்போது கரம்பை மண்ணை வண்டியில் கொண்டுவந்து வயலில் கொட்டும் பழக்கம் போன கார்பனில் ஒரு பங்கை மீட்டுவருவதுதான். அதை விட்டுவிடாதீர்கள்.

தகராறில் இருப்பவற்றில் இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். உங்களுடையது சுண்ணாம்புக்கல் கலந்த கரிசலாக இருந்தால், நனையும்போது வரும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி மட்கிலிருந்து வராமல் சுண்ணாம்பிலிருந்து வந்திருக்கலாம். ஐசோடோப்பு அளக்காமல் பிரிக்க முடியாது. கரிசலில் எடுத்த மூச்சளவைச் செம்மண்ணின் அளவோடு ஒப்பிட்டு யாராவது தீர்ப்புச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். இன்னொன்று கணினி மாதிரிகள். மண் கார்பன் கணிப்புக்குப் பரவலாகப் பயன்படும் ராத்-சி மாதிரி, இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் உருவானது, மாதக் கணக்கில் ஓடுகிறது. ஒரு மாதத்தில் 120 மி.மீ. ஒரே நாளில் பெய்ததா, பன்னிரண்டு நாளில் பெய்ததா என்பது அதற்குத் தெரியாது. பல பத்தாண்டுப் போக்கைச் சொல்ல அது நல்ல கருவி, மழையின் இடைவெளி பற்றிய உங்கள் கேள்விக்கு மட்டும் அதனால் பதில் சொல்ல முடியாது. வயலில் எழுச்சிகளை அளந்த ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. ஆனால் அந்த எழுச்சிகள் பத்து இருபது ஆண்டில் மண்ணின் மொத்த இருப்பை எவ்வளவு மாற்றின என்று தொடர்ந்து பார்த்தவை குறைவு, அதிலும் பெரும்பாலானவை வெப்ப மண்டலத்துக்கு வெளியே.

சரி, உங்கள் நிலத்தில் என்ன செய்யலாம்? எழுச்சியைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். அதோடு சேர்ந்து தழைச்சத்தும் விடுபடுகிறது என்று சொன்னேன் அல்லவா? மட்கில் பத்துப் பன்னிரண்டு பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருக்கும். மேலே சொன்ன 40 கிலோ கணக்கில் ஏக்கருக்கு 3 முதல் 4 கிலோ தழைச்சத்து. காசு கொடுத்து வாங்காத உரம். அந்த நேரத்தில் வேர் இருந்தால் அது பயிராகும், வேர் இல்லாவிட்டால் அடுத்த கனமழையில் கீழே இறங்கிப் போய்விடும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் பருவமழைக்கு முன்பே புழுதியில் விதைக்கும் பழக்கம் இந்தக் கணக்கில் மிகச் சரியானது. விதை ஏற்கனவே மண்ணில் காத்திருப்பதால் எழுச்சிக்கும் வேருக்கும் இடையிலான நாட்கள் குறைகின்றன. அதில் உள்ள ஆபத்தையும் மறைக்கக்கூடாது: முளைக்கப் போதுமான மழை வந்துவிட்டு, அப்புறம் மூன்று வாரம் வானம் பொய்த்தால் முளைத்தது கருகிப்போகும். இடைவெளி நீளும் காலத்தில் அந்த ஆபத்து கூடுகிறது. கடினப்படுத்திய (ஊறவைத்து மறுபடி உலர்த்திய) விதை, கொஞ்சம் ஆழமான விதைப்பு, ஒரே பயிரை நம்பாமல் சோளத்தோடு பயறு கலப்பது ஆகியவை உதவும், முழுப் பாதுகாப்பு தராது.

கோடை உழவு பற்றிக் கேட்பீர்கள். சரிவுக்குக் குறுக்கே ஒரு முறை உழுதால் செம்மண்ணில் மேலே கட்டும் பொருக்கு உடைந்து நீர் உள்ளே இறங்கும், அது வேண்டும்தான். ரோட்டவேட்டர் போட்டு மாவாகப் பொடித்தால், மழை செய்ய வேண்டிய உடைப்பை நீங்களே செய்துவிட்டீர்கள், பொத்திவைத்த மட்கு மொத்தமும் வெளியில். கட்டி கட்டியாக விடுங்கள். அறுவடைத் தாளைக் கொளுத்தாமல் மேலே கிடக்க விடுங்கள். மூடாக்கு இருந்தால் மண் காய்வது மெதுவாகும், மழைத்துளி அடிப்பதும் குறையும். கூடவே உள்ளே வரும் கார்பனும் அதுவே. மாட்டுக்குத் தாள் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மாடு இருக்கிற வீட்டில் எருவாவது வயலுக்குத் திரும்பினால் போதும்.

மண் பரிசோதனை செய்து பார்க்கிறேன் என்றால் ஒரு எச்சரிக்கை. அங்ககக் கார்பன் ஒரு வயலுக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறும், அதனால் 0.48 என்பது 0.53 ஆனதில் மகிழவோ, எதிர்மாறாக நடந்தால் வருந்தவோ வேண்டாம். வயலில் பத்துப் பதினைந்து இடத்தில், எப்போதும் ஒரே ஆழத்தில் எடுத்துக் கலந்து, ஒரே ஆய்வுக்கூடத்துக்கு, ஒரே மாதத்தில் கொடுங்கள். கோடைமழைக்கு முன் என்றால் எப்போதும் கோடைமழைக்கு முன். நான்கைந்து வருடத்துக்கு ஒரு முறை போதும். அந்தத் தாள்களோடு, உங்கள் ஊரில் எந்தெந்தத் தேதியில் எத்தனை மி.மீ. பெய்தது என்ற குறிப்பையும் சேர்த்து வைத்திருந்தால், அடுத்த முறை இந்தக் கேள்வியைக் கேட்கும்போது உங்கள் நிலத்தை வைத்தே பேசலாம்.